கேட்டியின் 19-6ஏ: ஆகஸ்டிலிருந்தே பார்க்க வேண்டுமா, நவம்பர் போதுமா?

கேட்டிவாசி

ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் வீடு வாங்கிக் குடியேறும் நம்மவர்கள் பலர் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள்: "ஹைஸ்கூல் ஃபுட்பால் (அமெரிக்க ஃபுட்பால்) தானே, நவம்பரில் பிளே-ஆஃப், அதாவது தோற்றால் வெளியேறும் சுற்றுகள், தொடங்கினால் பார்த்துக்கொள்ளலாம்." நான் இதை ஏற்கவில்லை. சண்டை போடத்தான் இந்த இழை.

புதியவர்களுக்கு முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். டெக்சாஸில் அரசுப் பள்ளிகளின் போட்டிகளை நடத்துவது யூ.ஐ.எல். என்ற அமைப்பு. மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பள்ளிகளை 1ஏ முதல் 6ஏ வரை ஆறு கான்ஃபரன்ஸ்களாகப் பிரிக்கிறார்கள். பெரிய பள்ளிகள் 6ஏ, அதற்குள் 32 டிஸ்ட்ரிக்ட் (தங்களுக்குள் ஆடும் பள்ளிக் குழு). இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் கலைத்து மறுபடி அடுக்குவார்கள். 2022-இல் அப்படி அடுக்கியபோது 19-6ஏ-வில், அதாவது 6ஏ-வின் 19-ஆவது டிஸ்ட்ரிக்டில், சேர்ந்த ஒன்பது பள்ளிகளுமே கேட்டி ஐ.எஸ்.டி. என்ற ஒரே பள்ளி நிர்வாகத்தின் பள்ளிகள்: கேட்டி, டெய்லர், மேட் கிரீக், சின்கோ ரான்ச், மார்ட்டன் ரான்ச், செவன் லேக்ஸ், டாம்ப்கின்ஸ், பேட்டோ, ஜோர்டன். மொத்தம் பத்து ஆட்டம். அதில் எட்டு டிஸ்ட்ரிக்டுக்குள்ளேயே. ரோட்ஸ், லெகசி என்று இரண்டு மைதானங்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஊரைத் தாண்டாமல் ஒரு முழு சீசனையும் பார்த்துவிடலாம். டெக்சாஸில் இது எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

முதல் நான்கு இடம் பிளே-ஆஃபுக்குப் போகும். முதலிடம் யாருக்கு என்பது பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்துவிடும், கேட்டி ஹைஸ்கூல் அப்படிப்பட்ட அணி. மூன்றாவது, நான்காவது இடத்துக்கு அக்டோபர் முழுக்க நடக்கும் அடிதடிதான் என்னைப் பொறுத்தவரை சீசனே. நவம்பரில் வந்து உட்கார்பவருக்கு அது தெரியவே தெரியாது.

நவம்பர்ரசிகன்

அண்ணா, ஒன்பதில் நான்கு பேர் பாஸ் ஆகிற பரீட்சைக்கு எட்டு வாரம் படபடப்பா?

நீங்கள் சொன்ன டிஸ்ட்ரிக்டையே எடுத்துக்கொள்வோம். பல வருடங்களாக டிஸ்ட்ரிக்டில் தோற்காமல் இருந்த கேட்டி, 2020-இல் டாம்ப்கின்ஸிடம் தோற்றது. ஊரே அதிர்ந்தது, சரி. அப்புறம் என்ன நடந்தது? அதே சீசனில் 6ஏ இரண்டாம் பிரிவின் (6ஏ பிளே-ஆஃப் இரண்டு பிரிவாக நடக்கும்) மாநிலப் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தது கேட்டிதான். டிஸ்ட்ரிக்டில் ஜெயித்த டாம்ப்கின்ஸ் கையில் கோப்பை இல்லை. டிஸ்ட்ரிக்ட் முடிவுக்கு என்ன மதிப்பு என்று இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது.

உண்மையான ஆட்டம் வேண்டுமா? 2018 டிசம்பர், 6ஏ முதல் பிரிவு இறுதி. டங்கன்வில் 36-35 என முன்னிலை. கடைசி ஆட்டத்தில் நார்த் ஷோர் பையன் 45 கெஜத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு வீசியது போல ஒரு பந்து வீசினான். எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால், எண்ட் ஸோனில் பிடித்தார்கள். 41-36. அதற்கப்புறம் அந்த இரண்டு பள்ளிகளும் இறுதியில் மோதுவது வழக்கமாகவே ஆகிவிட்டது. 2021 ஜனவரியில் இன்னொன்று: வெஸ்ட்லேக் பயிற்சியாளர் டாட் டாட்ஜ், எதிரே சவுத்லேக் கேரல் பயிற்சியாளர் அவருடைய மகன் ரைலி டாட்ஜ். அப்பா 52-34 என ஜெயித்தார். அந்தக் கேரல் பள்ளிக்கே முன்பு நான்கு மாநிலப் பட்டம் வாங்கிக் கொடுத்தவரும் அப்பாதான். இப்படி ஒரு கதையை உங்கள் அக்டோபர் வியாழக்கிழமை ஆட்டத்தில் காட்டுங்கள் பார்ப்போம்.

டிரம்லைன்அம்மா

அக்டோபர் வியாழக்கிழமை என்றதும் கண்ணில் தண்ணீர் வருகிறது. இத்தனை பள்ளிக்கு இரண்டே மைதானம் என்பதால் வெள்ளி மட்டும் போதாது, வியாழனும் சனியும் ஆட்டம் வைக்கிறார்கள். மறுநாள் காலை பள்ளி. பேண்ட் (பள்ளி இசைக்குழு) பிள்ளை வாத்தியத்தை ஏற்றி இறக்கி வீடு வந்து சேர எத்தனை மணி ஆகும் என்று வீட்டில் பேண்ட் பிள்ளை இருப்பவர்களிடம் கேளுங்கள்.

நான் போவது ஹாஃப்-டைமில் பேண்ட் வாசிப்பதைப் பார்க்க. நம்மூர்ப் பெற்றோரில் பாதிப் பேர் அப்படித்தான், வெளியில் சொல்ல மாட்டார்கள். ஆனால் நான் கேட்டிவாசி அண்ணன் பக்கம்தான். நவம்பர் தம்பி சொல்கிற பெரிய ஆட்டம் எல்லாம் ஒரு ராத்திரியோடு முடிந்துவிடும். வாரா வாரம் போனால்தான் இந்த ஆட்டமே புரிகிறது. "ஃபோர்த் டவுனில் (நான்காவது, கடைசி முயற்சியில்) ஏன் பந்தை உதைக்கிறார்கள்" என்று முதல் வருடம் பக்கத்து சீட்டு தாத்தாவிடம் கேட்டவள், இப்போது ஏன் உதைக்கவில்லை என்று கத்துகிறேன்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. 1984-இல் டெக்சாஸ் சட்டசபை கொண்டுவந்த "பாஸ் ஆகாவிட்டால் ஆட்டம் கிடையாது" விதி பேண்டுக்கும் பொருந்தும். ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனால், மதிப்பெண் ஏறும்வரை குவார்ட்டர்பேக்கும் உட்கார வேண்டும், கிளாரினெட்டும் உட்கார வேண்டும். ஏ.பி. மாதிரியான கடினப் பாடங்களுக்கு விலக்கு உண்டு. சீசன் நடுவில் ரிப்போர்ட் கார்டு வரும் வாரம் அணிவகுப்பில் திடீரென்று ஓட்டை தெரியும். அதெல்லாம் நவம்பரில் மட்டும் வருபவருக்குத் தெரியாது.

கேட்டிவாசி

நவம்பர்ரசிகன் தம்பி, 2020-ஐ நீங்களே எடுத்தது நல்லதாகப் போயிற்று. கேட்டியும் டாம்ப்கின்ஸும் ஏன் வேறு வேறு பிரிவில் ஆடின என்று யோசித்தீர்களா?

6ஏ-வில் மட்டும் ஒரு விசேஷம் உண்டு. 5ஏ மாதிரியான கான்ஃபரன்ஸ்களில் முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு என்பதை சீசனுக்கு முன்பே பிரித்துவிடுவார்கள். 6ஏ-வில் டிஸ்ட்ரிக்ட் ஆட்டங்கள் முடிந்த பிறகுதான். தேறிய நான்கு பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை அதிகமுள்ள இரண்டு முதல் பிரிவுக்கு, மற்ற இரண்டு இரண்டாம் பிரிவுக்கு. அதாவது நீங்கள் எந்தப் பாதையில் போவீர்கள், வழியில் யார் யார் நிற்பார்கள் என்பது உங்கள் வெற்றியை மட்டும் பொறுத்ததல்ல. உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு ஆட்டத்தில் யார் நான்காவது இடம் பிடிக்கிறார் என்பதையும் பொறுத்தது. பெரிய பள்ளி ஒன்று நுழைந்தால் நீங்கள் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்படலாம். சிறியது நுழைந்தால் மேலே போய் நார்த் ஷோர் மாதிரி ஒரு பூதத்தின் வாயில் விழலாம். டிஸ்ட்ரிக்ட் முடிவுக்கு மதிப்பில்லை என்றால் கேட்டியின் அந்தக் கோப்பைப் பாதையை எது போட்டது?

அப்புறம் மூன்று பேர் சமநிலை. அ, ஆ-வை ஜெயிக்கிறது. ஆ, இ-யை ஜெயிக்கிறது. இ, அ-வை. மூவருக்கும் ஒரே வெற்றிக் கணக்கு, காலி இடமோ ஒன்று. என்ன செய்வது என்பதை அந்தந்த டிஸ்ட்ரிக்டின் நிர்வாகக் குழு முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும். பரவலான வழி, ஒருவருக்கொருவர் ஆடிய ஆட்டங்களின் புள்ளி வித்தியாசத்தைக் கூட்டுவது, அதிலும் ஒரு உச்சவரம்பு வைப்பது. வரம்பு 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 புள்ளியில் ஜெயித்தாலும் 15-தான். ஆனால் 20 புள்ளி பின்தங்கிய அணி கடைசி நிமிடத்தில் ஒரு டச்டவுனும் (6) கூடுதல் புள்ளியும் (1) எடுத்தால் வித்தியாசம் 13 ஆகிவிடும். அந்த இரண்டு புள்ளியால் நான்கு வாரம் கழித்து இன்னொரு பள்ளி வீட்டுக்குப் போகும். தோற்றுப்போன ஆட்டத்தில் ஏன் இவ்வளவு வெறியாக ஓடுகிறான் என்று பக்கத்து சீட்டில் புதிதாக வந்தவர் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்து வைத்திருப்பதுதான் சீசனைப் பின்தொடர்வது.

வரிகட்டுபவன்

மூன்றாவது இடம், நான்காவது இடம் எல்லாம் இருக்கட்டும். லெகசி மைதானத்துக்கு 7 கோடி டாலருக்கு மேல் ஆனது, இருக்கை சுமார் 12,000. 2017-இல் திறந்தார்கள். பக்கத்திலேயே ரோட்ஸ் நன்றாகத்தான் இருந்தது. 2013-இல் மைதானத்துக்கான கடன் பத்திரத்தை வாக்காளர்கள் நிராகரித்தார்கள். அடுத்த வருடம் புதுப் பள்ளிக் கட்டடங்களோடு சேர்த்துக் கட்டி ஒரே பொட்டலமாக வைத்ததும் நிறைவேறிவிட்டது. பள்ளிக்கூடம் வேண்டாம் என்று யார் ஓட்டுப் போடுவார்?

டாலஸ் பக்கம் ஆலன் கதை தெரியும்தானே. 6 கோடி டாலர், 18,000 இருக்கை, 2012-இல் திறப்பு விழா. 2014-இல் கான்கிரீட்டில் விரிசல் கண்டு மூடினார்கள். பையன்கள் ஒரு சீசன் முழுக்க வேறு இடத்தில் ஆடினார்கள்.

கேட்டிவாசி

வரிகட்டுபவன் சார், பொட்டலம் கட்டியது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அந்தப் பணத்தில் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்திருக்கலாம் என்று அடுத்து சொல்ல வருகிறீர்கள் என்றால், முடியாது. டெக்சாஸில் கடன் பத்திரப் பணம் கட்டடம், பஸ், கருவி மாதிரியானவற்றுக்கு மட்டும். சம்பளம் வேறு வரிக் கணக்கு. ஆலன் விரிசலைச் சரிசெய்த செலவும் கட்டியவர்கள், வடிவமைத்தவர்கள் தலையில்தான் விழுந்தது. மேலும், ஒன்பது பள்ளிக்கு ஒரே மைதானம் என்றால் டிரம்லைன்அம்மா அக்கா செவ்வாய்க்கிழமையும் வர வேண்டியிருக்கும்.

வரிகட்டுபவன்

சம்பளத்துக்கு மாற்ற முடியாது என்பது எனக்கும் தெரியும். கடன் வாங்காமலே இருந்திருக்கலாம் என்கிறேன். அந்த வழியும் இருந்தது.

மருந்துக்கடை

பணத்தை விடுங்கள், தலையைப் பற்றி யாரும் பேசவில்லையே. 2017-இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஆய்வு: இறந்த ஆட்டக்காரர்களின் மூளைகளைப் பரிசோதித்ததில், என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகில் ஆடியவர்கள் 111 பேரில் 110 பேருக்கு சி.டி.இ. (தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் மூளைச் சிதைவு) பாதிப்பு. கல்லூரி வரை ஆடியவர்கள் 53 பேரில் 48. ஹைஸ்கூலோடு நிறுத்தியவர்கள் 14 பேரில் 3. என் மகன் கேட்டான், நான் வேண்டாம் என்றேன். டென்னிஸ் ஆடுகிறான். அடுத்த வீட்டுப் பையன் மோதிக்கொள்வதைக் கைதட்டிப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை, ஆகஸ்டாக இருந்தாலும் நவம்பராக இருந்தாலும்.

நவம்பர்ரசிகன்

சார், அந்த மூளைகள் எல்லாம் குடும்பங்கள் தானமாகக் கொடுத்தவை. அறிகுறி இருந்ததால்தான் பெரும்பாலோர் கொடுத்திருப்பார்கள். ஆட்டக்காரர் எல்லாரிலும் இதே விகிதம் என்று ஆய்வாளர்களே சொல்லவில்லை. ஹைஸ்கூல் ஆட்டக்காரர் மூவருக்கும் லேசான நிலைதான். இங்கே சட்டமும் இருக்கிறது. 2011 முதல், தலையில் அடி என்று சந்தேகம் வந்தாலே பையனை வெளியே எடுக்க வேண்டும், மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் திரும்ப முடியாது. மோதல் பயிற்சிக்கு யூ.ஐ.எல். வாரம் 90 நிமிடம் என்று வரம்பு வைத்திருக்கிறது.

மருந்துக்கடை

90 நிமிடம் பயிற்சிக்கு. வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு என்ன வரம்பு? "லேசான நிலை" என்பது 17 வயதுப் பையனின் அம்மாவிடம் சொல்கிற வார்த்தையா? தானம் கொடுத்தவை என்பதால் விகிதம் கூடித் தெரியும், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக எண்ணிக்கை பூஜ்யம் ஆகிவிடாது.

மிட்லண்ட்எண்ணெய்

மேற்கு டெக்சாஸிலிருந்து ஒரு குரல். நீங்கள் இரண்டு பேருமே தப்பான ஆட்டத்தைப் பார்க்கிறீர்கள்.

கேட்டிவாசி அண்ணே, உங்கள் ஒன்பது பள்ளிக்கும் ஒரே முதலாளி. ஒரே வீட்டுப் பங்காளிகள் விளையாடுவதை சீசன் என்கிறீர்கள். எங்கள் பக்கம் 1ஏ பள்ளிகள் இருக்கின்றன. மொத்த ஹைஸ்கூலிலும் நூறு சொச்சம் பிள்ளைகளைத் தாண்டாது. பதினோரு பேரைத் தேற்ற முடியாததால் அணிக்கு ஆறு பேர். மைதானம் 80 கெஜம் நீளம், 40 அகலம். ஃபர்ஸ்ட் டவுனுக்கு, அதாவது புதிதாக முயற்சிகள் கிடைக்க, முன்னேற வேண்டியது 10 அல்ல, 15 கெஜம். டச்டவுனுக்குப் பிறகு பந்தை உதைத்து எடுத்தால் 2 புள்ளி, ஓடியோ வீசியோ எடுத்தால் 1. இடைவேளைக்குப் பிறகு வித்தியாசம் 45 ஆனால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. இந்தச் சின்னப் பையன்களும் மாநில இறுதிக்கு ஆர்லிங்டனில் கௌபாய்ஸ் என்ற தொழில்முறை அணியின் மைதானத்துக்குத்தான் போகிறார்கள்.

முக்கியமாக, ஒரு டிஸ்ட்ரிக்டிலிருந்து இரண்டே அணிதான் மேலே போகும். நான்கு அல்ல. ஒரு ஆட்டம் சறுக்கினால் போச்சு. நவம்பர் தம்பி கேட்கிற பதற்றமும் உண்டு, அண்ணன் கேட்கிற வாராந்திரக் கணக்கும் உண்டு.

நவம்பர்ரசிகன்

இதைத்தான் நான் சொல்ல வந்தேன்! 6ஏ-விலும் இரண்டே அணி என்று வையுங்கள், செப்டம்பரிலேயே வந்து உட்கார்கிறேன்.

கேட்டிவாசி

இரண்டே அணி என்றால் மேட் கிரீக், மார்ட்டன் ரான்ச் பிள்ளைகளுக்கு அக்டோபர் முதல் வாரத்திலேயே சீசன் முடிந்துவிடும். மீதி ஆட்டங்களுக்கு யார் வருவார்கள்? சிறிய டிஸ்ட்ரிக்டுக்கு இரண்டு சரி. ஒன்பது பள்ளிக்குச் சரிவராது.

மிட்லண்ட் தம்பி, பங்காளிச் சண்டை என்று கிண்டல் செய்கிறீர்கள். 2017-இல் திறந்த பேட்டோ 2021-இல் 5ஏ முதல் பிரிவில் மாநில சாம்பியன். இறுதி ஆட்டம் ஓவர்டைமில் 27-24. அடுத்த வருடமே 6ஏ-வுக்கு ஏற்றி, கேட்டி இருக்கிற இதே டிஸ்ட்ரிக்டில் போட்டார்கள். அப்படி ஒரு அணி பக்கத்துத் தெருவிலிருந்து வரும்போது முதலாளி ஒருவரா ஒன்பது பேரா என்று யாருக்குக் கவலை?

நவம்பர்ரசிகன்

பிள்ளைகளுக்கு ஆறுதல் தருவதற்காகத்தான் நான்கு இடம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்படியென்றால் நான்காவது அணி முதல் சுற்றில் பக்கத்து டிஸ்ட்ரிக்டின் முதல்தர அணியிடம் பெரிய வித்தியாசத்தில் தோற்று வரும்போதும் கூடவே போய் உட்காருங்கள்.

கேட்டிவாசி

உட்காருவேன். போன முறையும் உட்கார்ந்தேன்.

டிரம்லைன்அம்மா

நானும்தான். பிளே-ஆஃபுக்கும் பேண்ட் வர வேண்டும். அணி தோற்றால்தான் எங்களுக்கு வெள்ளிக்கிழமை திரும்பக் கிடைக்கும், அதை மட்டும் அண்ணனிடம் சொல்லாதீர்கள்.