மறு: ஈறுநோய்ச் சிகிச்சைக்குப் பின் செய்யும் தொடர் கவனிப்புக்குக் கலைச்சொல்

> ‘பின்சிகிச்சை’, ‘ஆதரவுச் சிகிச்சை’ இரண்டில் எது பொருந்தும்?

குழுவினருக்கு வணக்கம்.

இரண்டும் வேண்டாம் என்பேன். ‘ஆதரவுச் சிகிச்சை’ என்றால் புற்றுநோயாளிக்கு வலி தணிப்பதைத்தான் பலரும் நினைப்பார்கள். ‘பின்சிகிச்சை’யில் ஆபத்து அதிகம், சிகிச்சை முடிந்துவிட்டது என்று அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. பெரியோடான்டைட்டிஸ், அதாவது பல்லைத் தாங்கும் எலும்பையும் அரிக்கும் இந்த ஈறுநோய், அப்படி முடிகிற நோய் அல்ல. வேர்வரை சுத்தம் செய்த பைகளிலும் (பல்லுக்கும் ஈற்றுக்கும் நடுவே நோயால் ஆழமான இடைவெளிகள்) சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் கிருமிகள் மறுபடி குடியேறுகின்றன. வலி இருக்காது, எலும்பு மட்டும் கரையும். ஸ்வீடனில் பல் மருத்துவ ஆய்வாளர்கள் ஆக்செல்சனும் லிண்டேவும் 1981-இல் வெளியிட்ட ஆறாண்டு ஆய்வில், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவழைக்கப்பட்டவர்களுக்குப் பற்பிடிப்பு (பல்லைச் சுற்றியுள்ள திசு அதைப் பற்றியிருக்கும் அளவு) நிலைத்தது. மற்றவர்களுக்கு நோய் திரும்பியது.

என் பரிந்துரை: ஈறு தொடர்பேணல்.

---

> ஈறு தொடர்பேணல்

‘தொடர்பேணல்’ சரி. ‘ஈறு’தான் இடிக்கிறது. நோய் தின்பது ஈற்றை மட்டுமல்ல. எலும்பையும், பல்லை எலும்போடு கட்டும் நாரையும் சேர்த்து. பாடநூலுக்குப் ‘பற்சூழ் தொடர்பேணல்’ என்றும், நோயாளியின் அட்டைக்கு ‘ஈறு தொடர்பேணல்’ என்றும் வைக்கலாம்.

‘பராமரிப்பு’ என்று சிலர் எழுதியிருந்தார்கள். அதைப் படிப்பவர் பல் சுத்தம் செய்துகொள்வது என்றே எடுத்துக்கொள்வார். இந்த வருகையில் பை ஆழத்தை அளவி என்ற மெல்லிய கருவியால் அளப்பதுதான் முதல் வேலை. ஒவ்வொரு பல்லிலும் ஆறு இடம், சுமார் 25 கிராம் அழுத்தம். அதிகம் அழுத்தினால் நலமான ஈற்றிலும் இரத்தம் கசியும், கணக்கு பொய்யாகும். புகைப்பவருக்கு நோய் இருந்தும் கசிவு குறைவாகத் தெரியும். அங்கே பை ஆழத்தையே நம்ப வேண்டும். பிறகு பல்லிடுக்குத் தூரிகையின் அளவு சரியா என்று பார்ப்பது (தளர்வாக நுழைந்தால் கிருமிப் படலம் அப்படியே தங்கும்), கசிந்த பைகளை மட்டும் மீண்டும் சுரண்டுவது, சர்க்கரை அளவு கேட்பது. எல்லாம் ஒழுங்காகச் செய்தால் ஒரு மணி நேரம் பிடிக்கும்.

---

இருநிலைச் சொல்லை ஏற்கிறேன். கலைச்சொல் பட்டியலுக்கான விளக்கம்:

பற்சூழ் தொடர்பேணல்: நோயை அடக்கும் முதற்கட்டச் சிகிச்சைக்குப் பின், பல் இருக்கும் காலம்வரை, ஆளுக்கேற்ற இடைவெளியில் அளந்து, சுத்தம் செய்து, திரும்பிய நோயை அந்தந்த இடத்திலேயே அடக்குதல்.

இடைவெளிக்கு ‘மறுவருகைக் காலம்’ எனலாம். ஐரோப்பிய வழிகாட்டி இதை 3 முதல் 12 மாதம் என்கிறது. ஆறு மாதம் என்று எல்லாருக்கும் எழுதிவிடுவது தவறு. ‘நிலைபெற்ற நிலை’ என்ற சொல்லையும் சேர்க்க வேண்டும்: கசியும் இடங்கள் 10 விழுக்காட்டுக்குக் கீழ், 4 மி.மீ.க்கு மேல் பை இல்லை, 4 மி.மீ. இடங்களில் கசிவும் இல்லை. ‘குணமானவர்’ என்று எந்தப் பதிவிலும் எழுத வேண்டாம். அதைப் படித்தவர் அடுத்த முறை வரமாட்டார்.

‘கசிவு’ போதுமா, ‘அளவியால் தொட்டதும் கசிவு’ என்று முழுதாக வேண்டுமா? கருத்துச் சொல்லுங்கள்.