வாரம் 50 கிலோமீட்டர்: எல்லா நாளும் ஒரே தூரம் ஓடலாமா?

கேள்வி:
வாரத்தில் ஐந்து நாட்கள், நாளொன்றுக்கு 10 கிலோமீட்டர் வீதம், ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடி வருகிறேன். அடுத்த இலக்கு அரை மாரத்தான், அதாவது ஏறத்தாழ 21 கிலோமீட்டர் ஓட்டம். மொத்தத் தூரத்தைக் கூட்டாமல் நாட்களுக்கிடையே வேறு விதமாகப் பிரித்தால் பயன் கூடுமா, அல்லது வாரக் கணக்கு 50 ஆக இருக்கும்வரை எப்படி ஓடினாலும் ஒன்றுதானா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
ஒன்றல்ல. நீங்கள் ஓடும் முறையில் எந்த நாளும் உடலைப் புதிய சுமைக்குப் பழக்கும் அளவுக்கு நீளமாகவோ கடினமாகவோ இல்லை. களைப்பு முழுதும் நீங்கும் அளவுக்கு எளிதாகவும் இல்லை. அதே 50 கிலோமீட்டரைச் செவ்வாய் 8, புதன் 11, வியாழன் 6, சனி 9, ஞாயிறு 16 என்று பிரித்துப் பாருங்கள். புதன்கிழமை 11 கிலோமீட்டரில் நடுவே 5 கிலோமீட்டரை மட்டும் டெம்போ வேகத்தில், அதாவது ஓரிரு சொற்களுக்கு மேல் பேச இயலாத வேகத்தில் ஓடலாம். மற்ற நாட்களில் மூச்சு வாங்காமல் உரையாட முடிகிற வேகம் போதும். வியாழன் 6 கிலோமீட்டரைச் சிறிதென்று எண்ணி விரைவுபடுத்துவோர் பலர் உண்டு. அந்த நாள் அங்கே இருப்பதே புதன்கிழமையின் உழைப்பு உடலில் சேர்வதற்காகத்தான். கடினமான நாளுக்கு அடுத்து எளிய நாள் என்னும் இம்முறையை ஆரிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் பவர்மன் பரவலாக்கினார்.

மறுமொழி 2:
பிரிப்பு சரியே, ஆனால் தூரத்தைவிட நேரத்தைக் கணக்கிடுவது நல்லது என்பேன். கிலோமீட்டருக்கு 5 நிமிடம் எடுப்பவர் 16 கிலோமீட்டரை 80 நிமிடத்தில் முடிப்பார். 7 நிமிடம் எடுப்பவர் 112 நிமிடம் ஓட வேண்டும். இருவரின் கால்களும் தாங்கும் சுமை ஒன்றாகாது. நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டு, 800 மீட்டர் ஓட்டக்காரரான பீட்டர் சினெல்லைக்கூட வாரம் ஏறத்தாழ 160 கிலோமீட்டர் ஓட வைத்தார். சினெல் 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டரில் தங்கம் வென்றார். அந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு பின்பற்றப் புறப்படுவோர், லிடியார்டின் ஓட்டக்காரர்கள் எவ்வளவு விரைவாக ஓடி, எவ்வளவு குறைந்த நேரத்தில் அதை முடித்தார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஞாயிறு 16 கிலோமீட்டரைக் காலையும் மாலையுமாக 8, 8 என்று பிரித்து ஓடலாமா?

மறுமொழி 1:
அந்த ஒன்றை மட்டும் பிரிக்க வேண்டாம். நீண்ட ஓட்டத்தின் பயன் பெரும்பாலும் அதன் பிற்பகுதியில்தான் இருக்கிறது. களைத்த தசைகளோடு நடையொழுங்கு குலையாமல் ஓடப் பழகுவது அங்கேதான். இப்போது 10 கிலோமீட்டருக்கு மேல் ஓடுவதில்லை என்பதால், முதல் வாரத்திலேயே 16க்குத் தாவாமல் 12, 14 என்று ஏறுங்கள். இதயமும் நுரையீரலும் விரைவில் பழகிவிடும். தசைநாண்களும் எலும்புகளும் அதைவிட மெதுவாகவே வலுப்பெறும்.

மறுமொழி 3:
ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: நீண்ட ஓட்டத்தைக் கூட்டும் வாரங்களில் டெம்போ தூரத்தைக் கூட்டாதீர்கள்.