வார்சாவின் பழைய நகரம்: பார்க்கத் தகுந்ததா, வெறும் ஒப்பனையா?

கேள்வி:
வரும் செப்டம்பரில் நானும் என் மனைவியும் போலந்து செல்லவிருக்கிறோம். கிராக்கோவுக்கு நான்கு நாள்களும் தலைநகர் வார்சாவுக்கு இரண்டு நாள்களும் ஒதுக்கியிருக்கிறோம். வார்சாவின் பழைய நகரம் இரண்டாம் உலகப் போரில் தரைமட்டமாகி, பெரும்பாலும் 1950களில் மீண்டும் கட்டப்பட்டது என்று அறிகிறேன். அப்படியானால், எழுபது வயதுக் கட்டடங்களுக்கு நானூறு வயது வேடம் போட்டிருக்கிறார்கள் என்றுதானே பொருள்? அந்த இரண்டு நாள்களையும் கிராக்கோவிலேயே கழித்துவிடலாமா? நேரில் பார்த்தவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

பதில் 1:
'வேடம்' என்ற சொல்லில் எனக்கு உடன்பாடில்லை. நகரைப் பிடித்துவைத்திருந்த ஜெர்மானியரை எதிர்த்துப் போலந்து மக்கள் 1944 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கிய எழுச்சி 63 நாள்களுக்குப் பின் தோற்றது. அதன்பிறகு மக்களை வெளியேற்றிவிட்டு, ஜெர்மானியப் படையினர் தெருத்தெருவாகச் சென்று வீடுகளுக்குத் தீ வைத்தார்கள், அரச மாளிகையை வெடி வைத்துத் தகர்த்தார்கள். வரலாற்று மையத்தில் 85 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தது. சண்டையின் நடுவே நேர்ந்த சேதத்தைவிட, சண்டை ஓய்ந்தபின் திட்டமிட்டுச் செய்த இந்த அழிப்பே போலந்து மக்களை உறுத்தியது. அதனால்தான் பழைய வடிவிலேயே கட்டியெழுப்புவது என்ற முடிவு அவர்களுக்கு ஒரு மறுமொழியாகவும் இருந்தது.

வார்சா பொறியியல் பல்கலைக்கழகக் கட்டடக்கலைத் துறையினர் அளந்து வரைந்து, ஒரு மடத்தில் ஒளித்துக் காத்த வரைபடங்கள் கைகொடுத்தன. பதினெட்டாம் நூற்றாண்டில் அரசவை ஓவியராக இருந்த பெர்னார்தோ பெல்லோத்தோவின் நகரக் காட்சிகளும் பயன்பட்டன. அவை இன்று மாளிகையிலேயே தனி அறையில் உள்ளன, தவறவிடாதீர்கள். சந்தைச் சதுக்கம் 1953இல் முடிந்தது; மாளிகைப் பணியோ 1971இல்தான் தொடங்கி, 1984இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பழைய நகரத்தை யுனெஸ்கோ 1980இல் உலக மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, மறுகட்டுமானம் என்ற முயற்சியையே மதித்துச் சேர்த்தது.

பதில் 2:
மேலே நண்பர் கூறியவற்றை மறுக்கவில்லை. ஆனால் அது 1939இன் அப்பட்டமான நகல் என்று எண்ணிப் போகாதீர்கள். புனித யோவான் பேராலயத்துக்குப் போருக்கு முன் பத்தொன்பதாம் நூற்றாண்டு முகப்பு இருந்தது. கட்டடக்கலைஞர் யான் சக்வாதோவிச் அதை விட்டுவிட்டு, செங்கல்லால் பழைய கோதிக் பாணியில் வேறொரு முகப்பைக் கட்டினார். எதை நினைவில் வைப்பது, எதை விடுவது என்பதையும் கட்டியவர்களே தேர்ந்தெடுத்தார்கள். எனக்கு அதுதான் பழைமையைவிடச் சுவையாக இருந்தது.

மேலும், எல்லாவற்றையும் மீட்டுவிடவில்லை. 1943 ஏப்ரலில் யூதர்கள் நடத்திய வேறோர் எழுச்சிக்குப் பின், ஜெர்மானியர்கள் அவர்களை அடைத்து வைத்திருந்த 'கெட்டோ' என்ற பகுதி இடித்துத் தள்ளப்பட்டது. அந்த இடிபாடுகளின் மீதும், அவற்றை நொறுக்கிச் செய்த கற்களாலும் எழுந்த குடியிருப்பே முரனூவ். பல வீடுகள் மேட்டின் மீது நிற்பதையும், அவற்றுக்குப் படியேறிப் போக வேண்டியிருப்பதையும் கவனியுங்கள். அந்த மேடு இயற்கையானதன்று. அருகிலேயே போலந்து யூதர்களின் வரலாற்றுக்கான போலின் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய நகரத்துக்கு அரை நாள் போதும். இங்கே ஒரு நாள் கொடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இரண்டு நாள்களையும் வைத்துக்கொள்கிறோம். நாங்கள் திங்கள், செவ்வாய் இரு நாள்களும் அங்கே இருப்போம். அதற்கேற்ற வரிசையைச் சொல்ல முடியுமா?

பதில் 3:
ஐயா, அந்த இரு நாள்கள்தான் சிக்கல். மாளிகைக்குப் பொதுவாகத் திங்கள் விடுமுறை. 1944 எழுச்சிக்கான அருங்காட்சியகத்துக்கும் போலினுக்கும் செவ்வாய் விடுமுறை. எனவே திங்களன்று இவ்விரண்டையும் முரனூவையும், செவ்வாயன்று மாளிகையையும் பழைய நகரத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். புறப்படுமுன் அவர்களின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. மாளிகை வாசலில் மூன்றாம் சிகிஸ்மண்ட் அரசரின் தூண் நிற்கும். 1944இல் வீழ்ந்த தூணின் துண்டுகள் மாளிகைச் சுவரோரம் புல்லில் கிடக்கின்றன. பலர் அவற்றை என்னவென்று அறியாமலே கடந்து போகிறார்கள்.