டிஸ்கவரி லேயர்: ‘கண்டுபிடிப்பு அடுக்கு’ வேண்டாம், வேறு என்ன?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

வணக்கம். மூன்று நாளாக ஓடும் இந்த இழையின் மடல்களை நேற்று ராத்திரி உட்கார்ந்து முழுக்க வாசித்துவிட்டேன். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி: கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் 10 வளாக நூலகங்களும் ஒரே மென்பொருளுக்கு மாறிய கதையை நூலகவியல் மாணவர்களுக்காகத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் பக்கத்திலேயே ‘டிஸ்கவரி லேயர்’ (நூலகத்தின் புத்தகம், கட்டுரை எல்லாவற்றையும் வாசகர் ஒரே இடத்தில் தேட உதவும் மென்பொருள்) வந்து வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது. அதற்குத் தமிழில் என்ன சொல் என்பதுதான் இந்த இழையின் கேள்வி.

> கண்டுபிடிப்பு அடுக்கு என்றே போடலாமே. சொல்லுக்குச் சொல் சரியாகத்தானே இருக்கிறது?

ஐயா, சொல்லுக்குச் சொல் சரிதான், பொருள்தான் வேறெங்கோ போய்விடுகிறது. கண்டுபிடிப்பு என்றதும் நம்மவர்களுக்கு மின்விளக்கும் நீராவி எஞ்சினும்தான் நினைவுக்கு வரும். நான் முன்பு வேலை பார்த்த நூலகத்தில் ஒரு தேடல் மென்பொருளைத் தமிழாக்கிக் கொடுத்திருந்தார்கள். திரையின் மேலே பெரிய எழுத்தில் ‘கண்டுபிடிப்பு’ என்று ஒரு பொத்தான். மீன்வளம் படிக்கிற பையன் ஒருவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “சார், பேட்டன்ட் போடுறவங்களுக்கு மட்டும்தானா இது?” என்று கேட்டான். பக்கத்து மேசையில் கார்டு ஒட்டிக்கொண்டிருந்த அக்கா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அவனுக்கு வேண்டியது இறால் வளர்ப்பு பற்றி ஒரு கட்டுரை, அவ்வளவுதான்.

> அப்படியானால் ‘கூட்டுத் தேடல்’? பல நூலகங்களைச் சேர்த்துத் தேடுவதுதானே வேலை.

அக்கா, இந்தச் சொல் எனக்கும் பிடித்தது. ஆனால் அது வேறொன்றுக்கு வேண்டும், ஃபெடரேட்டட் சர்ச்சுக்கு. வாசகர் ஒரு சொல்லைத் தட்டியதும் அந்தக் கணமே பத்து இடங்களுக்கு ஆள் அனுப்பி, ஒவ்வொருவரும் திரும்பி வரும்வரை வாசலில் காத்து நிற்கிற முறை அது. கடைசி ஆள் வரத் தாமதமானால் எல்லோருக்கும் தாமதம். டிஸ்கவரி லேயர் அப்படி இல்லை. பதிப்பகங்களின் கட்டுரை விவரங்களையும் நூலகங்களின் புத்தகப் பதிவுகளையும் முன்கூட்டியே வாங்கி, ஒரே பேரேட்டில் ஏற்றி வைத்துக்கொள்கிறது. கேள்வி வந்ததும் புரட்ட வேண்டியது அந்தப் பேரேடு ஒன்றைத்தான். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், முதலாவதை விட்டு ஏன் இரண்டாவதற்குப் போனார்கள் என்பதை மாணவருக்குச் சொல்லவே முடியாது.

> ‘தேடகம்’ நன்றாக இருக்கும். நூலகம், காப்பகம் போல.

காதுக்கு இனிமை. ஆனால் ‘அகம்’ என்று முடிந்தால் நாம் கட்டடத்தைத்தான் தேடுவோம். டொராண்டோவில் ஈழத்தமிழர்கள் நடத்திய தேடகமும் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. ஏற்கெனவே உயிரோடு இருக்கும் பெயர், அதை எடுக்க மனம் வரவில்லை.

இழையில் ஏற்கெனவே சொன்னதுபோல, என் பரிந்துரை தேடுமுகம். துறைமுகம் என்கிறோம். எங்கெங்கோ இருந்து வரும் சரக்கு அங்கே வந்து இறங்குகிறது, நாம் கரையில் நின்று எடுத்துக்கொள்கிறோம். ஆறுகள் கடலைத் தொடும் இடம் கழிமுகம். பல இடத்துச் சரக்கு நம் முன்னால் வந்து சேரும் இடத்துக்கு ‘முகம்’ என்று சொல்லும் பழக்கம் நமக்குப் புதிதல்ல.

இதற்கு வந்த மறுப்புகளில் இரண்டைச் சும்மா தள்ள முடியாது. ஒன்று, இடைமுகம் இன்டர்ஃபேசுக்கு நிலைத்துவிட்டது, அதனால் தேடுமுகம் என்றால் வெறும் தேடல் பெட்டிதான் என்று எடுத்துக்கொள்வார்கள் என்பது. மற்றது இன்னும் கனமானது: லேயர் என்ற பகுதியை விட்டுவிட்டால் திட்டத்தின் உயிர்நாடியே போய்விடும் என்கிறார் நண்பர். புத்தகம் வாங்குவது, இஷ்யூ, ரிட்டர்ன் எல்லாம் கீழே ஒரு மென்பொருளில் நடக்கிறது. தேடல் மேலே தனியாக உட்கார்ந்திருக்கிறது. மேலே இருப்பதைக் கழற்றி மாற்றினாலும் கீழே அசையாது. திட்டமிடுகிறவர்கள் மணிக்கணக்கில் பேசுவது இதைத்தான்.

உண்மைதான். ஆனால் நான் எழுதும் கதையில் அந்தக் கோடே மங்கிப்போகிறது. கலிஃபோர்னியாவில் மெல்வில் என்ற கூட்டுப் பட்டியல் 1980களிலேயே இருந்தது. ஆனாலும் வளாகத்துக்கு வளாகம் தனிப் பட்டியல், தனி மென்பொருள். 2005 டிசம்பரில் அவர்களுடைய பணிக்குழு ஒன்று, பல்கலைக்கழகம் முழுவதற்கும் ஒரே தேடல் வாசல் வேண்டும் என்று எழுதியது. அது நிறைவேறியது 2021 ஜூலையில். (நம் ஊரில்தான் கோப்பு தூங்கும் என்று யாரும் வருத்தப்பட வேண்டாம்.) கீழே வாங்கல், இஷ்யூ வேலைகளுக்கு அல்மா என்ற மென்பொருள், மேலே தேடலுக்குப் பிரைமோ விஈ. இரண்டும் ஒரே நிறுவனத்துச் சரக்கு. பழைய பிரைமோவுக்குப் பதிவுகளைக் கீழிருந்து ஏற்றுமதி செய்து அனுப்ப வேண்டியிருந்தது. விஈ அல்மாவின் மேலேயே கட்டப்பட்டது, பதிவைத் திருத்தினால் தேடலில் தெரிவதற்குத் தனி ஏற்றுமதி தேவையில்லை. அடுக்கு என்று நாம் அழுத்திச் சொல்லும் பிரிவு அங்கே பாதி கரைந்துவிட்டது.

‘வெறும் தேடல் பெட்டி’ என்ற மறுப்புக்குப் பதில் சொல்ல ஒரு உதாரணம். பெர்க்லி வளாகத்தில் தமிழ்ப் புத்தகங்கள் நிறைய. அமெரிக்க நூலகங்கள் தமிழ்த் தலைப்பை ரோமன் எழுத்தில் பதியும்போது எழுத்துக்கு எழுத்து ஒரு விதி வைத்திருக்கின்றன. ‘ஞானம்’ என்பதை நீங்களும் நானும் ஜி, என், ஏ என்று தட்டுவோம். அங்கே மேலே அலைக்குறி போட்ட ‘என்’னில் அது தொடங்கும். தமிழ் எழுத்திலான தலைப்பும் மார்க் பதிவின் (நூலகங்கள் புத்தக விவரத்தைக் கணினியில் பதியும் வடிவம்) 880 என்ற புலத்தில், அதாவது ஃபீல்டில், இருக்கும், பதிவு செய்தவர் சேர்த்திருந்தால். அந்தப் புலத்தைப் பேரேட்டில் ஏற்றுவதா, அலைக்குறியைக் களைந்துவிட்டு ஒப்பிடுவதா என்பதெல்லாம் தேடுமுகத்தை அமைக்கும்போது எடுக்கும் முடிவுகள். அவை தவறினால் புத்தகம் அலமாரியில் இருக்கும், திரையில் ‘முடிவுகள் இல்லை’ என்று வரும். ஆகவே தேடுமுகம் வெறும் பெட்டி அல்ல, பின்னால் இருக்கும் பேரேடும் சேர்ந்ததுதான் என்று சொல்லடைவில் ஒரு வரி சேர்த்துவிடுகிறேன். அடுக்கு என்று தனித்துச் சொல்லியே ஆகவேண்டிய இடத்தில் ‘தேடுமுக அடுக்கு’ என்று எழுதினால் தமிழ் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

வாக்கியத்தில் வைத்தும் பார்த்தேன்:

“10 வளாகங்களும் ஒரே தேடுமுகத்துக்கு மாறின.”
“தேடுமுகத்தில் இந்தப் புலம் சேர்க்கப்படவில்லை.”

வாய் தடுமாறாமல் வருகிறது. “கண்டுபிடிப்பு அடுக்கில் சேர்க்கப்படவில்லை” என்று ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள், மூச்சு வாங்கும்.

‘கண்டடைவு’ என்று ஒரு நண்பர் தனி மடலில் அனுப்பியிருந்தார். தேடாமலே எதிர்ப்படுவதையும் அது சேர்த்துக்கொள்கிறது என்கிறார். அலமாரியில் ஒரு புத்தகம் எடுக்கப்போய்ப் பக்கத்துப் புத்தகத்தோடு திரும்பி வருவோமே, அந்த அனுபவத்துக்கு அதைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். ஐந்தாம் இயலில் வேண்டியிருக்கும்.

கோப்பை ஞாயிறு மாலை அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்குள் தேடுமுகத்துக்கு மறுப்பு இருந்தால் எழுதுங்கள். மாற்றுச் சொல்லோடு வந்தால் இன்னும் நல்லது, அதை வைத்து ஒரு வாக்கியமும் எழுதி அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
இழையைத் தொடங்கியவன்