போட்டோ குடுத்து படம் வரைஞ்சு வாங்குறது எப்படி?

கேள்வி: அப்பா அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணம் வருது, அவங்க பழைய கல்யாண போட்டோவ பென்சில்ல வரைஞ்சு வாங்கலாம்னு இருக்கேன், ஆர்டிஸ்ட்கிட்ட எப்படி பேசுறது, முழுப் பணமும் முன்னாடியே கேப்பாங்களா?

பதில்: பெரும்பாலும் பாதி அட்வான்ஸ், மீதி முடிஞ்சதும். எத்தனை முகம், என்ன சைஸ்னு பாத்துதான் ரேட். ரெண்டு பேருன்னா ஏ3 சொல்லுங்க, ஏ4ல முகம் சின்னதாயிரும். போட்டோவ வாட்ஸ்அப்ல டாக்குமெண்ட்டா அனுப்புங்க, சும்மா அனுப்புனா கம்ப்ரஸ் ஆகி கண்ணு, நகை எல்லாம் மங்கிரும்.

பதில்: அவுட்லைன் போட்டதும் ஒருதடவ காட்டச் சொல்லுங்க, ஷேடிங் ஏறுனப்புறம் மூக்க மாத்துன்னா யாருக்கும் கடுப்பாகும். பென்சில் இல்லாம சார்கோல்ல (கரியில) வரைஞ்சா, கரி உதிராம பிடிச்சு வைக்கிற ஃபிக்சடிவ் ஸ்ப்ரே அடிச்சாங்களான்னு கேளுங்க, இல்லேன்னா கை பட்டாலே அப்பிரும்.

கேட்டவர்: நன்றிங்க. ஃப்ரேமும் அவங்ககிட்டயே போடலாமா?

பதில்: வெளியூர்னா வேணாம், கூரியர்ல கண்ணாடி உடையும். உங்க ஊர்லயே போடுங்க, கண்ணாடி படத்துல ஒட்டாம நடுவுல மவுண்ட் (படத்த சுத்தி வைக்கிற தடிமனான அட்டை) வைக்கச் சொல்லுங்க.