மறு: ரெஜெக்ஸுக்குத் தமிழ்ச்சொல் – ‘ஒழுங்குக் கோவை’ வேண்டாமே

அனைவருக்கும் வணக்கம். ரெஜெக்ஸ் என்பது ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ என்பதன் சுருக்கம்: எந்த எழுத்தமைப்பைத் தேட வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் குறியீடு. நம் சொற்பட்டியலில் அதற்கு என்ன தமிழ்ச்சொல் வைப்பது என்ற பேச்சில் ஐயா இப்படி எழுதியிருந்தார்:

> ‘ரெகுலர்’ என்றால் ஒழுங்கு, ‘எக்ஸ்பிரஷன்’ என்றால் கோவை. ஆக, ஒழுங்குக் கோவை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஐயா, கோவையோடு எனக்குச் சண்டை இல்லை. இயற்கணிதக் கோவை படித்து வந்தவர்கள்தானே நாம். சிக்கல் ‘ஒழுங்கு’தான். 1950களில் அமெரிக்கக் கணிதவியலாளர் ஸ்டீபன் கிளீனி நரம்பு வலைகளைப் பற்றி எழுதியபோது ‘ரெகுலர்’ என்ற சொல்லைக் கையாண்டார். இதைவிட விளக்கமான சொல் இருந்தால் சொல்லுங்கள் என்று அவரே கேட்டும் வைத்தார். பெயர் வைத்தவருக்கே மனம் நிறையாத சொல்லை நாம் ஏன் கட்டி அழ வேண்டும்?

போன வாரம் மன்னார்குடியில் நாலைந்து கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பைத்தான் நிரல்மொழியில் ரெஜெக்ஸைச் சொல்லிக் கொடுத்தேன். டெல்டாவின் ஆறுகள், ஊர்கள் எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகக் கொட்டி, ஆறுகளை மட்டும் எடுக்கச் சொன்னேன். எல்லாரும் ‘ஆறு$’ என்று எழுதினார்கள் ($ என்றால் அதோடு முடிய வேண்டும் என்று பொருள்). ஒன்றுகூடச் சிக்கவில்லை. வெண்ணாறு, வெட்டாறு, அரசலாறு, பாமணியாறு எதிலுமே ‘ஆ’ என்ற உயிரெழுத்து இல்லையே! புணர்ச்சியில் அது துணைக்காலாகி முன்னெழுத்தோடு ஒட்டிக்கொண்டது. ‘ாறு$’ என்று எழுத வேண்டும். அந்தத் துணைக்காலைத் தனியே தட்டினால் திரையில் புள்ளி வட்டத்தோடு அநாதையாக நிற்கும், பார்க்கச் சகிக்காது. ஆனால் வேலை செய்யும். அப்புறம் பார்த்தால் திருவையாறும் உள்ளே வந்துவிட்டது. கொள்ளிடமும் குடமுருட்டியும் வெளியே நின்றன. ஆறு எது, ஊர் எது என்று அதற்கு என்ன தெரியும்? அது பார்ப்பது எழுத்தின் அமைப்பை மட்டும்தான்.

அப்போது ஒரு பெண் கேட்டாள்: “சார், இது கூவிளம் மாதிரிதானே?”

எனக்குச் சட்டென்று உறைத்தது. காவிரியும் கூவிளம், கல்லணையும் கூவிளம். பொருளைப் பார்க்காமல், நேர் நிரை என்ற அமைப்பில் வரும் சொல்லையெல்லாம் ஒரே பெயரில் அடக்குகிறோம். யாப்பில் அதற்கு வாய்பாடு என்று பெயர். கிட்டத்தட்ட இதே வேலைக்கு நம்மிடம் ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறது.

ஆகவே என் பரிந்துரை வாய்பாடு. வினையும் இயல்பாக வருகிறது: ‘இந்தச் சரம் (எழுத்துத் தொடர்) வாய்பாட்டில் அடங்கும்’, ‘அடங்காது’. ‘ஒழுங்குக் கோவையோடு பொருந்துகிறது’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

—

> என் பரிந்துரை வாய்பாடு

தம்பி, யோசனை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வாய்பாடு என்றாலே எங்கள் தஞ்சாவூர்ப் பிள்ளைகள் பதினாறாம் வாய்பாட்டை ஒப்பிக்க ஆரம்பித்துவிடுவார்கள். வேதியியலிலும் வாய்பாடு இருக்கிறது. முன்னால் ஓர் அடை வேண்டும். ‘தேடல் வாய்பாடு’ என்றால் சம்மதமா? இன்னொன்று: பாடப்புத்தகத்தில் பல இடங்களில் ‘வாய்ப்பாடு’ என்று ப் போட்டிருக்கிறதே, எது சரி?

—

தேடல் வாய்பாடு எனக்குச் சம்மதம், ஐயா. மாற்றி எழுதும் வேலைக்கும் பொருந்தும்; தேடிக் கண்டுபிடித்தால்தானே மாற்ற முடியும். சூழல் தெரிந்த இடத்தில் வெறும் வாய்பாடே போதும்.

எழுத்துச் சண்டைக்கு நான் வரவில்லை. நம் சொற்பட்டியலில் தேடுகிறவர்கள் ‘வாய்(ப்)?பாடு’ என்று தேடினால் இரண்டுமே கிடைக்கும்; கேள்விக்குறி போட்டால், அதற்கு முன்னால் இருப்பது வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி என்று பொருள். அடைப்புக்குறியை மட்டும் விட்டுவிடாதீர்கள். ‘வாய்ப்?பாடு’ என்று எழுதினால் கேள்விக்குறி கடைசிப் புள்ளியை மட்டும்தான் பிடிக்கும். ‘வாய்பபாடு’ அடங்கும், ‘வாய்பாடு’ அடங்காது.