உதவி (அவசரம்): வெள்ளிக் கலர் முகத்தில் நிற்கவே மாட்டேன் என்கிறது

பதற்றக்காரி | வியாழன், இரவு 9:42

ரோபோ வேஷம். முகம் முழுக்க வெள்ளிக் கலர். பூசி முடித்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை, எல்லாம் ஈஷிக்கொண்டு கை, சோஃபா, கதவுப் பிடி என்று பார்க்கிற இடமெல்லாம் வெள்ளி. முகத்தில் மட்டும்தான் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் நிகழ்ச்சி. அழியாத மேக்கப் எது என்று யாராவது சொல்லுங்கள், நாளைக்கே வாங்கிவிடுகிறேன்.

கேள்விக்குறி | 9:51

என்ன பூசினீர்கள்? கிரீமா, குச்சியா, தண்ணீர் தொட்டுக் கரைக்கிற வில்லையா? மேலே பவுடர் போட்டீர்களா? எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும்? அரங்கத்துக்குள்ளா, வெயிலிலா? முகத்தில் ஏற்கெனவே ஏதாவது தடவியிருந்ததா? இதெல்லாம் சொல்லாமல் அழியாத மேக்கப் கேட்பது, எங்கே வலிக்கிறது என்று சொல்லாமல் மாத்திரை கேட்பது மாதிரி.

பவுடர்பஃப் | 9:58

எது பூசியிருந்தாலும் பதில் பவுடர்தான். குச்சி, கிரீம் எல்லாம் எண்ணெயும் மெழுகும். அது தானாகக் காயவே காயாது, விடியும்வரை விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் தொட்டால் விரலோடு வரும். நிறமில்லாத பவுடரைத் தாராளமாக எடுத்து, பஃப்பை இரண்டாக மடித்து, அழுத்தி அழுத்தி ஒற்றுங்கள். தேய்க்கவே கூடாது. தேய்த்தால் கலர் திட்டுத்திட்டாகப் பெயர்ந்து பஃப்பில் ஏறிக்கொள்ளும். இரண்டு நிமிடம் விட்டுவிட்டு மிச்சப் பவுடரை மெல்லிய பிரஷால் தட்டிவிடுங்கள்.

நம்பிக்கை இல்லையென்றால் முன்னங்கையில் இரண்டு விரல் அகலத்துக்குக் கலரைப் பூசி, பாதிக்கு மட்டும் பவுடர் ஒற்றுங்கள். ஒரு வெள்ளைத் துணியை இரண்டின் மேலும் சேர்த்து ஒரே இழுப்பாக இழுங்கள். துணியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மேக்கப்_வாத்தியார் | 10:20

இதே கேள்விக்கு இங்கே எத்தனை தடவை எழுதியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. தேடிப் பார்க்கிற பழக்கம்தான் யாருக்கும் இல்லை. சரி, இன்னொரு தடவை. நிதானமாகப் படியுங்கள்.

முகக் கலர் முக்கியமாக மூன்று ரகம். தண்ணீரில் கரைவது: காய்ந்துவிடும், லேசாகத் தொட்டால் ஒட்டாது, ஆனால் வியர்த்தால் கோடு கோடாக வழியும். எண்ணெய் ரகம்: வியர்வை அதை ஒன்றும் செய்யாது, தொட்டால் போச்சு. ஆல்கஹாலில் கரைவது: 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டுப் பூசுவார்கள், இரண்டுக்கும் அசையாது. சினிமாவில் போலிப் பச்சைகுத்து, காயத் தழும்பு எல்லாம் பெரும்பாலும் அதுதான். கிரையோலான் கம்பெனியில் அக்வாகலர் தண்ணீர் ரகம், சுப்ராகலர் எண்ணெய் ரகம். டப்பாவின் மேலேயே எழுதியிருக்கும், வாங்குகிறவர் படிக்க வேண்டும். உங்களுக்கு வேண்டியது மூன்றாவது ரகம். மற்றதெல்லாம் விளையாட்டுச் சாமான்.

கோந்துராஜா | 10:33

இத்தனை வம்பு எதற்கு? வீட்டில் ஹேர் ஸ்ப்ரே இருக்குமே. கண்ணை மூடிக்கொண்டு முகத்தில் இரண்டு சுற்று அடித்தால் முடிந்தது. நான் அப்படித்தான் செய்கிறேன், இதுவரை எதுவும் கலைந்ததில்லை.

சாம்பல்நிறம் | 10:41

தயவுசெய்து வேண்டாம். அது முடியை விறைப்பாக நிறுத்தச் செய்த பிசின். முகத்தில் அடித்தால் தோல் இழுக்கும், வியர்க்கும்போது கரைந்து கண்ணில் இறங்கும், மூச்சிலும் போகும். முகத்துக்கென்றே ஃபிக்ஸிங் ஸ்ப்ரே தனியாக இருக்கிறது. அதையும் ஒரு அடி தள்ளிப் பிடித்து, கண்ணை மூடி மூச்சை அடக்கிக்கொண்டுதான் அடிக்க வேண்டும்.

கோந்துராஜா | 10:44

பத்து வருஷமாக அடிக்கிறேன். கண் நன்றாகத்தான் தெரிகிறது.

சாம்பல்நிறம் | 10:46

கண் போய்விடும் என்று நான் எங்கே எழுதினேன்? தெரிகிற கண்ணால் மறுபடியும் ஒரு தடவை படியுங்கள்.

கேள்விக்குறி | 10:52

பவுடர்பஃப் சொன்னதில் எனக்கு ஒரு சந்தேகம். சிவப்பு, பச்சைக்கெல்லாம் பவுடர் சரி. வெள்ளியின் அழகே பளபளப்புதானே, அதன் மேல் பவுடரைக் கொட்டினால் என்ன மிஞ்சும்?

சாம்பல்நிறம் | 10:59

சாம்பல்தான் மிஞ்சும். என் பெயர் வந்த கதையே அதுதான். ரோபோவாகக் கிளம்பி, அடுப்புக்குள் விழுந்து எழுந்தவன் மாதிரி மேடைக்குப் போனேன், இன்றைக்கும் நண்பர்கள் விடுவதில்லை. அப்புறம்தான் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். கிரீமின் மேல் சாதாரணப் பவுடருக்குப் பதிலாக முகத்துக்கென்று விற்கும் வெள்ளி மைக்கா பவுடரை ஒற்ற வேண்டும். எண்ணெயையும் உறிஞ்சும், மினுக்கும் போகாது. பறக்கும் என்பதால் ஈர ஸ்பாஞ்சில் தொட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக.

கோந்துராஜா | 11:03

வெள்ளிப் பவுடரா! கேட்டுக்கு அடிக்கிற பெயின்டில் கலந்த அலுமினியத் தூள் ஒரு டப்பா மிச்சம் இருக்கிறது. அதையே ஒற்றினால் என்ன?

பழையதிரை | 11:10

ஐயோ, அந்தத் தப்பை மட்டும் செய்யாதீர்கள். 1939-இல் வந்த தி விசார்ட் ஆஃப் ஆஸ் படத்தில் தகர மனிதன் வேஷத்துக்கு அலுமினியத் தூள்தான் போட்டார்கள். அதை மூச்சில் இழுத்து அந்த நடிகர் செத்தே போனார்.

மேக்கப்_வாத்தியார் | 11:18

சாகவில்லை. பாதிக் கதையை வைத்துக்கொண்டு பேசக் கூடாது. படி எப்சன் என்பவர்தான் முதலில் அந்த வேஷம் போட்டார். படப்பிடிப்பு தொடங்கிச் சில நாளிலேயே மூச்சுவிட முடியாமல் மருத்துவமனையில் சேர்ந்தார், வேஷம் கைமாறியது. அவர் தேறி வந்து, தொலைக்காட்சியில் பெரிய ஆளாகி, 2003-இல் 95 வயதில்தான் இறந்தார்.

பழையதிரை | 11:22

நான் கேள்விப்பட்டது அப்படி இல்லை.

மேக்கப்_வாத்தியார் | 11:25

கேள்விப்பட்டது வேறு, நடந்தது வேறு. பதிலுக்கு வந்த ஜாக் ஹேலிக்கு அலுமினியத்தைத் தூளாகத் தூவாமல் பசையாகக் குழைத்துப் பூசினார்கள். அப்படியும் அவருக்குக் கண்ணில் தொற்று வந்தது.

பழையதிரை | 11:29

அப்போ அலுமினியம் ஆபத்து என்று நான் சொன்னது சரிதானே?

மேக்கப்_வாத்தியார் | 11:31

நீங்கள் சொன்னது சாவு.

பவுடர்பஃப் | 11:40

ரோபோவை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டோம். கேள்வி கேட்டவர் இருக்கிறாரா?

பதற்றக்காரி | வெள்ளி, காலை 7:15

மன்னிக்கவும், நேற்று அப்படியே தூங்கிவிட்டேன். குச்சி கலர்தான். பவுடர் போடவில்லை. தோல் வறண்டுபோகக் கூடாது என்று முதலில் கிரீம் நன்றாகத் தடவிவிட்டேன். அரங்கத்துக்குள்தான், மூன்று மணி நேரம். வாத்தியார் சார் சொன்ன ஆல்கஹால் கலரைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன், பணம் மட்டும் கட்டவில்லை. பூசிக்கொள்ளப் போவது நான் இல்லை, என் பையன். எட்டு வயது. அவனுக்கு ஒத்துக்கொள்ளும்தானே?

சாம்பல்நிறம் | 7:19

பணம் கட்டாதீர்கள்!

கேள்விக்குறி | 7:24

எட்டு வயது என்பதை முதல் வரியில் சொல்லக் கூடாதா, அக்கா? ஆல்கஹால் கலர் குழந்தை முகத்துக்கு வேண்டவே வேண்டாம். எரியும், வாடையே தலையைச் சுற்றவைக்கும், கண் பக்கத்தில் கொண்டுபோகவே முடியாது. எடுக்கவும் சோப்பு போதாது, அதற்கென்று தனி ரிமூவர் ஊற்றித் துடைக்க வேண்டும். அழுதுகொண்டே நிற்கிற பிள்ளையிடம் அதைச் செய்து பாருங்கள்.

மேக்கப்_வாத்தியார் | 7:50

பெரியவர் என்று நினைத்துத்தான் சொன்னேன். வயதை மறைத்தது என் குற்றம் இல்லை.

பவுடர்பஃப் | 7:58

அடியில் கிரீமை அப்பி, அதன் மேல் எண்ணெய்க் குச்சி, பவுடர் கிடையாது! அது முகமா, சறுக்குமரமா? குழந்தை என்றால் தண்ணீர் ரகத்துக்கு மாறுங்கள். முகத்தைச் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்த பிறகு எதுவும் தடவாதீர்கள். ஸ்பாஞ்சை நன்றாகப் பிழிந்து, மெல்லிசாக ஒரு பூச்சு. முழுக்கக் காய்ந்த பிறகு இரண்டாவது. ஒரே தடவையில் கெட்டியாக அப்பினால் சிரிக்கும்போது வாயோரம் வெடித்து உதிரும்.

சாம்பல்நிறம் | 8:06

முகத்துக்கென்று செய்த கலர்தானா என்று பார்த்து வாங்குங்கள். கைவினைக்கு விற்கும் அக்ரிலிக்கில் நச்சில்லை என்று எழுதியிருந்தாலும் அது தோலுக்கு இல்லை. இன்று சாயங்காலமே காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து நாளைவரை விட்டுவிடுங்கள். சிவந்தாலோ அரித்தாலோ முகத்தில் போடாதீர்கள், வேஷத்துக்கு ஒரு அட்டை முகமூடி போதும்.

கேள்விக்குறி | 8:12

எனக்கு இன்னும் ஒன்று தெரிய வேண்டும். முகத்தில் சரியாக எந்த இடத்தில் ஈஷுகிறது?

பதற்றக்காரி | 8:30

தாடை ஓரம் இரண்டு பக்கமும், மூக்கு நுனி, நெற்றியில் நீளமாக ஒரு பட்டை. கன்னம் ஓரளவு அப்படியே இருக்கிறது.

கேள்விக்குறி | 8:33

கன்னம் நிற்கிறது, துருத்திக்கொண்டிருக்கிற இடம் மட்டும் போகிறது. அப்படியென்றால் எதிலோ உரசுகிறது. ரோபோ உடம்பு எதில் செய்தீர்கள்? எப்படி மாட்டுகிறீர்கள்?

பதற்றக்காரி | 8:41

அட்டைப் பெட்டிதான். மேலே தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை. மேக்கப் முடிந்ததும் தலை வழியாக மாட்டிவிடுவேன். கொஞ்சம் இறுக்கமாகத்தான் போகும்.

கேள்விக்குறி | 8:42

அக்கா.

பவுடர்பஃப் | 8:44

பெட்டியின் ஓட்டை உள்விளிம்பைப் பாருங்கள். வெள்ளியெல்லாம் அங்கேதான் இருக்கும்.

பதற்றக்காரி | 8:52

பார்த்தேன். ஓட்டையைச் சுற்றி வளையல் போட்ட மாதிரி வெள்ளி. மூக்கு அச்சுகூடத் தெரிகிறது.

கோந்துராஜா | 9:05

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

சாம்பல்நிறம் | 9:07

நீங்கள் சொல்ல வந்தது கேட் பெயின்ட்.

கேள்விக்குறி | 9:15

முதலில் பெட்டி, அப்புறம் கழுத்தைச் சுற்றிப் பழைய துண்டு, கடைசியில் கலர். உட்காரவைத்துப் பூச முடியாது, நிற்கவைத்துத்தான் பூச வேண்டும். கழற்றும்போது கலைந்தால் கலையட்டும். குடிக்க உறிஞ்சுகுழல் கொடுங்கள். மூக்கைத் துடைக்கக் கூடாது, டிஷ்யூவால் ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள். திரும்பப் பூச ஸ்பாஞ்சும் கலரும் பையில் இருக்கட்டும். மூன்று மணி நேரம் தொடாமல் இருக்கிற எட்டு வயதுப் பிள்ளையை நான் பார்த்ததில்லை.

மேக்கப்_வாத்தியார் | 10:02

உடையை முதலில் போட்டுவிட்டுத்தான் முகத்தில் கை வைக்க வேண்டும் என்பது அரிச்சுவடி. அதையுமா எழுத வேண்டும் என்றுதான் எழுதவில்லை.

பழையதிரை | மதியம் 1:37

நேற்று தேடிப் பார்த்தேன். 2003 சரிதான். ஆனால் அந்த மேக்கப்பால் அவர் உடம்பு கெட்டது என்று நான் சொன்னதும் பொய் இல்லையே.

மேக்கப்_வாத்தியார் | 1:44

விடமாட்டீர்களா?

பதற்றக்காரி | சனி, இரவு 10:26

போய்விட்டு வந்தோம். தண்ணீர் கலர், பெட்டியை மாட்டிவிட்டுப் பூசினேன். தாடை, நெற்றி எல்லாம் கடைசிவரை நின்றது. மூக்கு மட்டும் பாதியில் காலி, சளி பிடித்திருந்ததால் தும்மித் தும்மிக் கையாலேயே துடைத்துவிட்டான். எல்லோருக்கும் நன்றி. காதுக்குப் பின்னாலும் முடி ஓரத்திலும் மட்டும் வெள்ளி போகவில்லை, தேய்த்தால் கத்துகிறான். என்ன செய்ய?

சாம்பல்நிறம் | 10:34

தேய்க்காதீர்கள். மென்மையான ஷாம்பூவை நுரைத்து ஒரு நிமிடம் ஊறவிட்டு ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். அதற்கும் மிஞ்சுவது நாளை குளிக்கும்போது போய்விடும். தலையணைக்குப் பழைய உறை போடுங்கள்.

பவுடர்பஃப் | 10:51

எல்லாம் சரி, மூக்கில் பவுடர் ஒற்றினீர்களா இல்லையா?

பவுடர்பஃப் | ஞாயிறு, காலை 9:08

ஹலோ?